அக்கி ஆறிய பின்

தமிழில் அக்கி என வழங்கும் நோய்க்குத் தீயே பெயராக நின்றுவிட்டது. அக்னி என்னும் வடசொல்லின் திரிபாகக் கருதப்படும் இச்சொல், தோலில் ஒரு கொப்புளமும் தெரியாத முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உடலின் ஒரு பக்கத்தில் தணலை வைத்தாற்போல் எரியத் தொடங்கும் அந்நோயின் இயல்பைப் பிடித்துக் காட்டுகிறது. கிரேக்க மொழியில் அதற்கு வாய்த்த பெயர் சோஸ்டர். இடையில் கட்டும் கச்சை என்பது அதன் பொருள். முதுகெலும்பிலிருந்து புறப்பட்டு, விலாவைச் சுற்றி வந்து, முன்பக்கத்து நடுக்கோட்டோடு நின்றுவிடும் கொப்புளப் பட்டையைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. ஒரு மொழி எரிச்சலையும் மற்றொரு மொழி வடிவத்தையும் பெயராக்கிக்கொள்ள, அந்நோயின் மூன்றாவது முகமான தசைத்தளர்ச்சி பொதுவழக்கில் பெயரின்றியே இருந்துவிட்டது. கொப்புளம் வாடிப் பொருக்கு உதிர்ந்து, வீட்டார் நோயை மறக்கத் தொடங்கும் நேரத்தில் கையோ காலோ வலுவிழப்பதால், முந்தியதையும் பிந்தியதையும் ஒரே நோயாக இணைத்துப் பார்ப்பவர் குறைவு. அந்த இணைப்பு எங்கே நிகழ்கிறது, எப்படி அதைக் கண்டறிவது, இழந்த வலு எவ்வளவு திரும்பும் என்பவற்றை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

எழுத்தும் எல்லையும்

ஐம்பூதத் தலங்களுள் தீக்குரியது திருவண்ணாமலை. மலையைச் சுற்றும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேற்குப் பகுதியில், ஆதி அண்ணாமலை என்றும் வழங்கும் அடி அண்ணாமலை அமைந்திருக்கிறது. இத்தகைய ஊர்களில், தமிழகத்தின் பிற சிற்றூர்களில் போலவே, அக்கிக்கு முதலில் நினைவுக்கு வரும் வைத்தியம் அக்கி எழுதுதல். மண்பாண்டம் வனையும் குலாலர், காவிக்கல்லை உரைத்தெடுத்த செங்குழம்பைக் கொப்புளங்களின் மேல் பூசுவதும், சில இடங்களில் சிங்கம் போன்ற உருவத்தை அதன்மேல் வரைவதும் நெடுநாளைய வழக்கம். நாட்டு மருந்துக் கடையில் பூங்காவி வாங்கி, பன்னீரில் குழைத்து வீட்டிலேயே தடவிக்கொள்வோரும் உண்டு.

காவி பூசிய உடலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். செந்நிறப் பட்டை முதுகின் நடுவே தொடங்குகிறது. விலாவெலும்பின் சரிவை ஒட்டிச் சாய்ந்து இறங்குகிறது. மார்பெலும்புக்கோ தொப்புளுக்கோ நேராக வந்ததும் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடுகிறது. நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் அது செல்வது மிக அரிது. அக்கி உடலைச் சுற்றிவந்து தலையும் வாலும் கூடிவிட்டால் உயிர் தங்காது என்ற அச்சம் பல நாடுகளில் உண்டு. அந்தக் கூடுகை நிகழாமைக்குக் காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. வலப்பக்கத்து நரம்பு வலப்பக்கத் தோலை மட்டுமே ஆள்கிறது. ஆக, குலாலரின் காவிக்கோடு தோலில் எழுதிக் காட்டுவது ஒரே ஒரு நரம்பின் ஆட்சிப்பரப்பின் எல்லையை. ஒரு முதுகுநரம்புக்கு உரிய இந்தத் தோற்பட்டையை மருத்துவ நூல்கள் தோல்துண்டம் என்றும், அதே நரம்பு இயக்கும் தசைகளின் தொகுதியைத் தசைத்துண்டம் என்றும் குறிக்கின்றன. முதலாவதில் எழும் நோய் சிலருக்கு இரண்டாவதிலும் புகுந்துவிடுவதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

இறங்காத அம்மை

சின்னம்மை கண்ட குழந்தையை வேப்பிலை விரித்துக் கிடத்தி, கொப்புளம் அடங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டாள் என்று வீட்டார் ஆறுதல் கொள்வது வழக்கம். உடலியலின் கணக்கில் அவள் இறங்குவதில்லை. இடம் மாறி அமர்கிறாள். சின்னம்மைக்குக் காரணமான வேரிசெல்லா-சோஸ்டர் வைரஸ், தோலிலுள்ள உணர்வு நரம்புகளின் வழியாகவும் குருதியின் வழியாகவும் சென்று, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் மண்டையோட்டின் நரம்பு முடிச்சுகளிலும் தங்கிவிடுகிறது. நரம்பணுக்களின் உடல்கள் திரண்டு பயறளவில் புடைத்து நிற்கும் இடமே நரம்பு முடிச்சு எனப்படும். அங்கே அது பெருகாமல், அணுவின் கருவுக்குள் தன் மரபுப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் உறங்கக்கூடியது. தீத்தூண் குளிர்ந்து மலையாகி நிற்கிறது என்று சொல்லும் திருவண்ணாமலையில் இந்த உறக்கத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று.

இரு நோய்களும் ஒன்றே என்னும் ஐயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. வீட்டில் பெரியவருக்கு அக்கி கண்ட சில வாரங்களில் அதே வீட்டுக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைப் புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் யானோஷ் போகாய் கவனித்தார். 1950களில் அமெரிக்க அறிவியலாளர் தாமஸ் வெல்லர் சின்னம்மை, அக்கி ஆகிய இரு நோய்களின் கொப்புள நீரிலிருந்தும் வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து, அவை ஒன்றே என்று நிறுவினார். 1965இல், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூர்ப் பகுதியின் பொதுமருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவந்த குறிப்புகளைக்கொண்டு, வயது ஏறி எதிர்ப்பாற்றல் தளரும்போது உறங்கும் வைரஸ் விழித்துக்கொள்வதே அக்கி என்ற விளக்கத்தை முன்வைத்தார். அக்கி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அக்கியாகத் தொற்றுவதில்லை. சின்னம்மை வராதவருக்கு அது சின்னம்மையாகவே தொற்றும்.

மனிதரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் அக்கி வரக்கூடும். முதுமை, புற்றுநோய், உறுப்பு மாற்றத்துக்குப் பின் உண்ணும் மருந்துகள், நெடுங்கால ஸ்டீராய்டு ஆகியவை விழிப்பை விரைவுபடுத்துகின்றன. எச்.ஐ.வி. தொற்றும் அத்தகையதே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பின்னர், இளவயதினருக்கு அக்கி கண்டால் அத்தொற்றையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இந்திய மருத்துவர்களிடையே வேரூன்றியது.

இரு வாய்க்கால், ஒரு மதகு

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்கள். உடலின் வெப்பம், வலி, தொடுகை ஆகியவற்றை உள்ளே கொண்டுவருவது பின்வேர். தசை சுருங்க வேண்டும் என்ற கட்டளையை வெளியே கொண்டுசெல்வது முன்வேர். எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு வாய்க்கால்கள் ஒரு மதகடியில் அருகருகே வந்து சேர்வது போல, இவ்விரு வேர்களும் முள்ளெலும்புகளுக்கு இடையிலான சிறு துளையருகே ஒன்றுகூடி ஒரே நரம்பாகின்றன. வைரஸ் உறங்கும் முடிச்சு பின்வேரில், இந்தக் கூடலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. முன்வேரோ அந்த முடிச்சை ஒட்டியே கடந்து செல்கிறது.

வைரஸ் விழித்துப் பெருகும்போது முடிச்சு வீங்கிச் சிவக்கிறது, அணுக்கள் மடிகின்றன, குருதிக் கசிவும் நேர்கிறது. 1900ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹென்றி ஹெட், ஆல்ஃபிரட் கேம்பெல் என்னும் மருத்துவர்கள் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, அக்கியின் இருப்பிடம் தோலன்று, பின்வேர் முடிச்சே என்று நிலைநாட்டினர். தோல்துண்டங்களின் வரைபடத்தையும் கொப்புளப் பட்டைகளைக்கொண்டே வரைந்தனர். முடிச்சில் மூண்ட அழற்சி பெரும்பாலும் உணர்வு நரம்பின் வழியே தோலை நோக்கியே செல்கிறது. சிலருக்கு மட்டும் அது பக்கத்து முன்வேரைப் பற்றிக்கொள்கிறது. அல்லது பின்வேர் வழியே உள்நோக்கிச் சென்று, தண்டுவடத்தின் முன்பகுதியிலுள்ள இயக்க அணுக்களைத் தொடுகிறது. அல்லது வெளியே, பல நரம்புகள் பின்னிக்கிடக்கும் தோள் பின்னலுக்கோ இடுப்புப் பின்னலுக்கோ பரவுகிறது. எந்த வழியாயினும் விளைவு ஒன்றே: கட்டளை தசையைச் சென்றடைவதில்லை.

இலண்டன் மருத்துவர் வில்லியம் பிராட்பென்ட் 1866இலேயே, கைநரம்புகளின் வழி எழுந்த அக்கியைத் தொடர்ந்து அக்கையின் தசைகள் வலுவிழந்த ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். நூறாண்டுக்குப் பின், 1972இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் தாமசும் ஹோவர்டும் 1,210 அக்கி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, அவர்களுள் 61 பேருக்கு, அதாவது நூற்றில் ஐவருக்கு, இத்தகைய தளர்ச்சி இருந்ததைக் கண்டனர். துண்டத் தளர்ச்சி என்று இதைத் தமிழில் குறிக்கலாம். உண்மையான அளவு இதனினும் கூடுதலாக இருக்க இடமுண்டு. அக்கி மிகுதியாக வருவது மார்பு, விலாப் பகுதியில். அங்கே விலாவிடைத் தசைகளுள் ஒன்றிரண்டு தளர்ந்தாலும் மூச்சோ அசைவோ குறைவதில்லை, எனவே எவர் கண்ணுக்கும் அது படுவதில்லை. கையிலும் காலிலும் வருவது குறைவாயினும், வந்தால் மறைவதற்கு வழியில்லை.

தோளும் காலும் வயிறும்

தளர்ச்சி பெரும்பாலும் கொப்புளம் கண்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் தலைகாட்டுகிறது. கழுத்திலிருந்து வரும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் நரம்புகளில் அக்கி கண்டவர்களுக்குத் தோளும் மேற்கையும் தளர்கின்றன. கொடியில் துணி போடக் கை எழாது. தலை வாரச் சீப்பைப் பிடித்த கை காதுக்கு மேல் போகாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற மறுகை வேண்டியிருக்கும். அக்கி வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காமல் வைத்திருப்பவரும் இப்படியே இருப்பதால், வலியையும் தளர்ச்சியையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உதவும். அக்கையை மற்றவர் தோள் உயரத்துக்குத் தூக்கித் தாங்கிப் பிடித்து, பின் மெதுவாகப் பிடியைத் தளர்த்தும்போது, வலியுள்ளவர் முகம் சுளித்தேனும் அதை ஒரு கணம் நிறுத்துவார்; தளர்ச்சியுள்ளவரின் கை தானே கீழிறங்கிவிடும். நாள் செல்லச் செல்லத் தோளின் உருண்டை வடிவம் குன்றி, எலும்பின் முனை துருத்தித் தெரியத் தொடங்கும்.

இடுப்பு நரம்புகளில் வந்தால் தொடையின் முன்தசை தளர்ந்து, படியிறங்கும்போது முழங்கால் மடங்கும். ஐந்தாம் இடுப்பு நரம்பு பழுதுபட்டால் பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்க முடியாத பாதத் தொய்வு உண்டாகிறது. செருப்பணிந்தவருக்கு அது நடையில் கழன்று கழன்று விழுவதே முதல் அறிகுறி. வெறுங்காலோடு கிரிவலம் வருபவருக்கு அடையாளம் வேறு: ஒவ்வோர் அடியிலும் பெருவிரலின் முனை தரையை உரசிச் செல்வதால், பாதையின் பாதியை எட்டும்போது ஒரு காலின் நகம் மட்டும் தேய்ந்து, விரல்நுனியில் தோல் உரிந்திருக்கும், அதைத் தவிர்க்க அவர் முழங்காலை வழக்கத்துக்கு மேல் உயர்த்தி, சேற்றில் நடப்பவர் போல் நடப்பார். உணர்வும் மழுங்கியிருந்தால் புண் ஆழமான பிறகே தெரியவரும். சர்க்கரை நோயும் உடனிருப்பின் அந்தப் புண் எளிதில் ஆறாது.

வயிற்றுச் சுவரில் நிகழ்வது இன்னும் ஏமாற்றும் இயல்புடையது. மார்பின் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் நரம்புகள் தொப்புளையும் அதன் கீழ்ப்பகுதியையும் சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவை தளர்ந்ததும், இருமும்போதும் எழுந்து நிற்கும்போதும் வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் பானை போல் புடைக்கிறது, படுத்ததும் அடங்குகிறது. பார்ப்பவர் எவரும் குடலிறக்கம் என்றே எண்ணுவர். குடலிறக்கத்தில் சுவரில் உண்மையான ஓட்டை உண்டு. இங்கே சுவர் முழுமையாக இருந்தும் விறைப்பை இழந்திருக்கிறது. போலிக் குடலிறக்கம் எனப்படும் இந்நிலையில் தைப்பதற்கு ஓட்டையே இல்லாததால் அறுவை மருத்துவத்துக்கு வேலையில்லை. ஸ்கேன் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். புடைப்பின் மேல் மங்கிய தழும்புப் பட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். இவர்களுள் பெரும்பாலோர் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் தாமாகவே நலமடைகின்றனர்.

அரியவற்றுள் அரியவை

கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகள் சேர்ந்து உதரவிதானத்தை, அதாவது மார்பையும் வயிற்றையும் பிரித்து மூச்சுக்கு ஏறி இறங்கும் தசைத்திரையை இயக்குகின்றன. கழுத்திலோ தோளிலோ அக்கி வந்த சில வாரங்களில், மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், அத்திரையின் ஒரு பாதி அசைவற்றிருக்கலாம். மார்பு எக்ஸ்ரேயில் அந்தப் பாதி மேலேறி நிற்கும். பிட்டத்திலும் பிறப்புறுப்பை ஒட்டியும் வரும் அக்கி, சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்திச் சிறுநீர் அடைப்பையும் மலச்சிக்கலையும் உண்டாக்கக்கூடும். முதியவரின் சிறுநீர் அடைப்பு முழுவதையும் புராஸ்டேட் சுரப்பியின் கணக்கில் எழுதிவிடாமல், கூச்சம் கருதி மறைக்கப்படும் இடத்தின் தோலையும் பார்ப்பது இங்கு இன்றியமையாதது.

முகத்தில், காதுக்குள்ளும் காதுமடலிலும் கொப்புளம் எழுந்து, அதே பக்கத்து முகத்தசைகள் தளர்ந்து வாய் கோணி, கண் மூட இயலாமல் போவது ராம்சே ஹன்ட் நோய்க்குறி. அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் இதை 1907இல் விளக்கினார். பனிக்காற்று பட்டு வாய் கோணிவிட்டது என்று நாள் கடத்துவது இங்கே இழப்பைப் பெருக்கும். 1997இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்கு 75 பேர் முழுமையாகத் தேறினர். ஏழு நாட்களுக்குப் பின் தொடங்கியவர்களில் அவ்வாறு தேறியவர்கள் 30 பேரே. இவை எல்லாவற்றினும் விலகி நிற்பது ஒன்றுண்டு. நெற்றியிலும் கண்ணிலும் அக்கி வந்த சில வாரங்களோ மாதங்களோ கழித்து, எதிர்ப்பக்கக் கையும் காலும் ஒருசேர விழுந்தால், அது துண்டத் தளர்ச்சியன்று. மூளையின் குருதிக்குழாயை வைரஸ் தாக்கியதால் நேர்ந்த பக்கவாதம். அதற்குரிய அவசர மருத்துவம் வேறு.

நரம்பு வளரும் வேகம்

தோல்துண்டங்களை வரைந்த ஹென்றி ஹெட், நரம்பின் மீட்சியை அறியத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார். 1903 ஏப்ரலில் அவருடைய இடது முன்கையின் உணர்வு நரம்பு வேண்டுமென்றே அறுக்கப்பட்டு, மீண்டும் இணைத்துத் தைக்கப்பட்டது. அதன்பின் நான்காண்டுக் காலம், கேம்பிரிட்ஜில் வில்லியம் ரிவர்ஸ் என்னும் அறிஞர் பஞ்சு, ஊசிமுனை, சூடும் குளிருமான குழாய்கள் ஆகியவற்றால் அக்கையைத் தொட்டுத் தொட்டு, உணர்வு எங்கெங்கே எப்போது திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். இந்த ரிவர்ஸ், அதற்குச் சற்று முன்னர்தான் நீலகிரியில் தங்கித் தோதவ மக்களை ஆராய்ந்து திரும்பியிருந்தவர். இருவரும் 1908இல் வெளியிட்ட முடிவுகளில் சில பின்னர் மறுக்கப்பட்டாலும், நரம்பு திரும்பி வளரும், ஆயின் மிக மெதுவாக வளரும் என்பதை அவர்களுடைய பொறுமை கண்முன் காட்டியது.

பழுதுபட்ட நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. கழுத்திலிருந்து தோள்தசைக்கு 15 சென்டிமீட்டர் என்று கொண்டால் அது 150 நாள் பயணம்; விரல்களை இயக்கும் தசைகளுக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 600 நாள். இழை அறுபடாமல் அதன் மேலுறை மட்டும் பழுதுபட்டிருந்தால் வலு சில வாரங்களிலேயே திரும்பிவிடும். ஒருவர் இரண்டு மாதத்தில் தேறுவதற்கும் மற்றொருவர் ஒன்றரை ஆண்டு காத்திருப்பதற்கும் காரணம் இந்த வேறுபாடே. மொத்தத்தில், துண்டத் தளர்ச்சி கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓரிரு ஆண்டுகளில் முழு வலுவைப் பெறுகின்றனர். எஞ்சியோரிலும் பலர் பெருமளவு தேறுகின்றனர்.

நரம்பு வந்து சேரும்வரை மூட்டு காத்திருப்பதில்லை. அசைக்காத தோள் சில வாரங்களில் இறுகிவிடும். பின்னர் தசை உயிர்பெற்றாலும் கதவு துருப்பிடித்த வீடு போல அது திறக்காது. எனவே தளர்ந்த உறுப்பை நாள்தோறும் பிறர் துணையோடு முழு அளவுக்கு அசைப்பதும், பாதத் தொய்வுக்குக் கணுக்காலைத் தாங்கும் பட்டை அணிவதும், கண் மூடாதவருக்குக் கண்ணைக் காப்பதும் மருந்துக்கு நிகரானவை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள், திருவண்ணாமலைக்கு அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருவதாக அமைந்திருப்பது, பேருந்தேற முடியாத முதியவருக்கு இவ்வகையில் பயன்படும்.

சரியாகப் பெயரிடுதல்

கை விழுந்தவரைக் காணும் மருத்துவருக்குப் பக்கவாதம், கழுத்தெலும்புத் தேய்வு, இடுப்பு வட்டு விலகல் ஆகியவை முதலில் தோன்றுவது இயல்பு. சர்க்கரை நோயே தொடை நரம்புகளைத் தாக்கி வலியோடு தளர்ச்சியை உண்டாக்குவதும் உண்டு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சென்னையை மையமாகக்கொண்ட இண்டியாப் ஆய்வு 2023இல் கணக்கிட்டிருக்கையில், அந்த ஐயத்தையும் ஒதுக்க முடியாது. எம்.ஆர்.ஐ. படம் வட்டு விலகலை விலக்கவும், அழற்சியுற்ற வேரைக் காட்டவும் உதவும். தசைக்குள் நுண்ணூசி செலுத்தி மின்துடிப்பைப் பதியும் மின்தசைப் பதிவு, நரம்பிழந்த தசையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தத் துடிப்புகள் தோன்ற இரண்டு மூன்று வாரங்கள் ஆகுமாதலால், முதல் வாரத்தில் எடுத்த பதிவு தெளிவாக இருப்பதை வைத்து நோயில்லை என்று முடிவுகட்டலாகாது.

அக்கி கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் அல்லது அதன் இனத்து மருந்தைத் தொடங்குவதே இன்றைய முறை. அசைக்ளோவிரின் உருவாக்கத்தோடு இணைந்த பெயருடைய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் இம்மருந்து, மடிந்த நரம்பணுவை எழுப்பாது. ஆகவே பயன் முழுவதும் காலத்தில் தங்கியிருக்கிறது. காவி பூசுவது மனத்துக்கும் தோலுக்கும் குளிர்ச்சி தரலாம். உடைந்த கொப்புளத்தில் அது சீழ் பிடிக்க வழியாகலாம். மூன்று நாளை விழுங்கிவிடுவதே அதன் பெருங்கேடு. ஐம்பது வயது கடந்தவர்களுக்கான இரண்டு தவணை அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அது நோயைத் தடுப்பதில் மிகுந்த ஆற்றலுடையது. எனினும் அதன் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டுவதாக இல்லை.

எட்டக்கூடியது ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது: கொப்புளம் என்று கிளம்பியது, எந்தப் பக்கத்தில் எதுவரை வந்தது என்னும் நினைவு. மூன்றாவது வாரத்தில் கை தளர்ந்தவரின் மேற்சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தால், கழுத்தடியிலிருந்து தோள் வழியாக முழங்கை வரை வெளிறிய சிறு வடுக்கள் வரிசையாக இருக்கும். சிலரிடம் குளித்தும் போகாத காவிக்கறை அந்த வரிசையின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கும். எந்தத் தசை தளர்ந்தது என்ற வினாவுக்கும் எந்த நரம்பு பழுதானது என்ற வினாவுக்கும் விடை அந்தக் கோட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டும் பார்த்தும் படிக்க ஒரு மருத்துவர் செலவிடும் ஐந்து நிமிடம், வேண்டாத அறுவையையும் வீண் அச்சத்தையும் அந்த வீட்டிலிருந்து விலக்கிவிடும்.